கை கால் சுகமாக இருப்பவர்களின் இயலாமை: மாற்றுத்திறனாளி கொடுப்பனவும் சுவாச நோயாளரும்

2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் குறைந்த வருமானமுடைய மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்குமான மாதாந்தக் கொடுப்பனவு 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஒரு காலத்தில் மாற்றுத்திறனாளி கொடுப்பனவு 3,000 ரூபா; பின்னர் 5,000 ஆனது. விலைவாசி ஏறிய வேகத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல. ஆனாலும் மருந்துக் கடைக்கும் ஓட்டோவுக்கும் மாதம் முழுவதும் கடன் சொல்லும் வீட்டில் பத்தாயிரம் ரூபா என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். தொகை போதுமா போதாதா என்று நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அதைக் கேட்டுப் போகிறவர்களில் யார் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவர்களில் ஒரு பகுதியினரைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்: நாட்பட்ட சுவாச நோயாளர். நானும் அவர்களில் ஒருவன்.

எனக்குக் காசநோய் வந்து மாறியது. ஆறு மாத மருந்தை ஒரு நாளும் தவறவிடாமல் எடுத்தேன். கிருமி போய்விட்டது, நுரையீரலின் ஒரு பகுதி பழுதாகிவிட்டது. மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நிலை என்று வைத்தியர் சொன்னார். மழைக்காலத்தில் இரண்டு மூன்று தடவை விடுதியில் படுக்க வேண்டி வரும். தனியார் கல்வி நிலையமொன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று ஒரு வசனத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் போனபோது அந்த வேலை நின்றது.

கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் வழி பலருக்கும் தெரிந்ததுதான். கிராம அலுவலர், பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர், அரச வைத்திய அதிகாரியின் சான்றிதழ். நான் போன அலுவலகத்தில் அந்தப் பிரிவு மேல் மாடியில் இருந்தது. படியில் மூன்று இடத்தில் நின்று, மேலே போய் வாங்கில் இருந்து, பத்து நிமிடம் ஆறிய பிறகுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் மூச்சு சாதாரணமாகிவிட்டது. எதிரே இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, மரியாதையாகத்தான் பேசினார். "ஐயாவுக்குக் கை கால் எல்லாம் சுகம்தானே. தொய்வுக்கு இதில இடம் இல்லை. கிளினிக்கில மருந்து தருவினம்தானே?" என்று கேட்டார்.

அவருடைய வாசகத்தில் இரண்டு தீர்ப்புகள் அடங்கியிருக்கின்றன. இயலாமை என்பது கையிலும் காலிலும் கண்ணிலும் காதிலும் தெரிய வேண்டும் என்பது ஒன்று. மருந்து இருக்கும் நோய் இயலாமை ஆகாது என்பது மற்றது. இந்த இரண்டையும் சட்டம் சொல்லவில்லை.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் வரைவிலக்கணத்தைச் சாதாரணத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: பிறவியில் வந்ததோ இடையில் வந்ததோ, உடல் அல்லது உள ஆற்றலில் ஏற்பட்ட குறைபாட்டினால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர். இதில் கை இல்லை, கால் இல்லை. கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிவிட்டுக் கட்டில் நின்று இளைக்கும் ஒருவருக்கு அந்த வரைவிலக்கணம் அப்படியே பொருந்தும். இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நீண்டகால உடற்குறைபாடு சூழலிலுள்ள தடைகளோடு சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுப்பதையே அது இயலாமையாகக் கருதுகிறது. அந்த அலுவலகத்தின் மாடிப்படி அதற்கு நல்ல உதாரணம். ஆக, சட்டத்தில் நுரையீரலுக்கு இடம் இருக்கிறது. நடைமுறைக்குள்தான் அது போய்ச் சேரவில்லை.

ஏன் போய்ச் சேரவில்லை? ஒரு காரணம், நாங்கள் எண்ணப்படும் விதம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கிறார்கள். அங்கே கேட்கப்பட்டவை பார்த்தல், கேட்டல், நடத்தல், ஞாபகம், சுய பராமரிப்பு, தொடர்பாடல் ஆகிய ஆறு விடயங்களில் உள்ள சிரமங்கள். உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் கேள்விகள் இவை. பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூச்சு அந்த ஆறில் தனியாக இல்லை. "நடக்கிறதில சிரமம் இருக்கா?" என்று வீட்டு விறாந்தையில் கதிரையில் இருப்பவரிடம் கேட்டால், "நடப்பன், களைக்கும்" என்பதுதான் எங்கள் ஆட்களின் பதில். அதைக் கேட்டு எழுதுபவர் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவார்? எண்ணிக்கையில் வராதவர்களுக்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

இன்னொரு காரணத்தைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சிறுநீரக நோயாளருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. அது சரியானதே, அதில் ஒரு சதத்தையும் குறைக்கும்படி நான் கேட்கவில்லை. வட மத்திய மாகாணத்து விவசாயக் குடும்பங்களை அந்த நோய் அழித்தபோது அது ஒரு தேசியப் பிரச்சினை ஆனது. நோயின் பெயரே தகுதியாகியது. சுவாச நோய்க்கு அப்படியொரு அனுதாபம் கிடைக்கவில்லை. "பீடி சுருட்டுக் குடிச்சா வரும்தானே" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். புகைத்தல் பெரிய காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பீடியையும் தொட்டிராத எத்தனையோ பெண்கள் நெஞ்சுக் கிளினிக் வரிசையில் நிற்கிறார்கள். நாற்பது வருடம் விறகடுப்பை ஊதியவர்கள் அவர்கள். 2012 இல் இலங்கை வீடுகளில் மூன்றில் இரண்டுக்கும் அதிகமானவற்றில் விறகுதான் பிரதான எரிபொருள். 2022 இல் எரிவாயு இல்லாமல் போனபோது சிலிண்டர் வைத்திருந்த வீடுகளும் அடுப்புக்குத் திரும்பின. மலையக லயன் அறைகளின் காற்றோட்டமில்லாத குசினிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அரிசி ஆலைத் தூசியும் கல்லுடைக்கும் இடத்துத் தூசியும் என்னைப்போல் காசநோய்க்குப் பின் மிஞ்சியதும் வேறு. நோய் வந்த வழியைக் கேட்டுத் தகுதி தீர்மானிப்பது எந்தக் கொடுப்பனவிலும் முறையல்ல. வெறிபோதையில் மோட்டார் சைக்கிள் ஓடிக் காலை இழந்தவரிடம் யாரும் அதைக் கேட்பதில்லை.

மூச்சை அளக்க முடியாது என்று சொல்வதும் சரியல்ல. வைத்தியசாலைகளில் ஸ்பைரோமெட்ரி என்ற சோதனை இருக்கிறது. குழாயில் பலமாக ஊதும்போது முதல் ஒரு செக்கனில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அது காட்டும். அந்த அளவு, உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படுவதில் 50 வீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் அடைப்பு நோயில் கடுமையான நிலை, 30 வீதத்துக்குக் கீழே போனால் மிகக் கடுமையான நிலை. ஆறு நிமிட நடைச் சோதனையும் உண்டு. அதற்குத் தேவை நீளமான ஒரு விறாந்தையும் ஒரு மணிக்கூடும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், வைத்தியர்கள் பயன்படுத்தும் பூச்சியம் முதல் நான்கு வரையான மூச்சுத்திணறல் அளவுகோல் இருக்கிறது. சமதரையில் சுமார் 100 மீற்றர் நடந்ததும் நிற்க வேண்டியவர் மூன்றாம் படி. உடுப்பு மாற்றவே மூச்சு வாங்குபவர், வீட்டை விட்டு வெளிக்கிட முடியாதவர் நான்காம் படி. கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும்.

பிழையான அளவீடும் நடக்கிறது. விரலில் மாட்டும் சிறு கருவியை இருந்த நிலையில் மாட்டி, 95 என்று வந்ததும் "நல்லாத்தானே இருக்கு" என்று முடிப்பது அதிலொன்று. இருக்கும்போது 95 காட்டுபவருக்கு நடக்கும்போது 85 க்கு இறங்கலாம். நோய் ஒரே சீராகவும் இருப்பதில்லை. வைகாசியில் சந்தை வரை போய்வருபவர் மார்கழிப் பனியில் கட்டிலை விட்டு எழும்ப மாட்டார். நேர்முகப் பரிசோதனைக்குக் கூப்பிடும் நாள் எந்த நாள் என்பதில் தகுதி தங்கியிருக்கக் கூடாது. பிரித்தானியாவின் இயலாமைக் கொடுப்பனவு விதிகளில் இதற்கொரு வழி இருக்கிறது. ஒரு செயலை ஒருவர் பாதுகாப்பாகவும், போதிய தரத்திலும், தேவையானபோது திரும்பத் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிந்தால்தான் "செய்யக்கூடியவர்" என்று கொள்ளப்படுவார். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் நிலை எப்படி என்றும் பார்க்கிறார்கள். அந்நாட்டு முறையிலும் விண்ணப்பதாரர்கள் படும் பாடு குறைவல்ல. லண்டனில் உறவினர் உள்ளவர்களுக்கு அது தெரியும். ஆனாலும் அந்த "திரும்பத் திரும்ப" என்ற சொல்லை நாங்கள் இரவல் வாங்கலாம். படியில் ஒருமுறை ஏறியவர் பத்து நிமிடத்தில் மறுபடியும் ஏறுவாரா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அஸ்வெசும தெரிவு முறையிலும் ஒரு சிக்கல் உண்டு. கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்கள் புள்ளியிடப்படுகின்றன. மின்சாரப் பாவனையும் அவற்றில் ஒன்று. கூடுதல் மின்சாரம் பாவிப்பவர் வசதியானவர் என்பது பொதுவாகச் சரியான ஊகம்தான். ஆனால் வீட்டில் ஒக்சிசன் செறிவாக்கி வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகால ஒக்சிசன் சிகிச்சை என்றால் நாளுக்கு குறைந்தது 15 மணித்தியாலம். 350 வாட் கருவி ஒன்று அவ்வளவு நேரம் ஓடினால் மாதம் 150 அலகுகளைத் தாண்டும். அந்தக் கருவியை யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியிருப்பார், அல்லது ஊர்ச் சங்கம் வாங்கிக் கொடுத்திருக்கும். மின்பட்டியல் மட்டும் அந்த வீட்டை வசதியான வீடாகக் காட்டும். மூச்சுவிடும் செலவையே வசதியின் அடையாளமாகக் கணக்கெடுப்பது என்ன நியாயம்? மருத்துவக் கருவிக்கான அலகுகளைக் கழித்துவிட்டுப் பார்க்க ஒரு சுற்றறிக்கை போதும்.

1996 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வரும் என்று பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அது வரும்போது நோய்களின் பட்டியலொன்றைப் போட்டு வேலையை முடித்துவிடுவார்களோ என்பது என் பயம். இந்தியாவின் 2016 சட்டம் ஏழு வகைகளை 21 ஆக விரித்தது. தலசீமியா, ஹீமோபிலியா போன்ற இரத்த நோய்கள்கூட உள்ளே வந்தன. நாட்பட்ட நுரையீரல் நோய் வரவில்லை. பட்டியல் எவ்வளவு நீளமானாலும் அதற்கு வெளியே யாராவது நிற்பார்கள். எங்கள் பழைய வரைவிலக்கணம் பட்டியல் அல்ல, அதுவே அதன் பலம். அதை வைத்துக்கொண்டு, சான்றிதழ்ப் படிவத்தில் "எது இல்லை" என்ற கேள்விக்குப் பதிலாக "எதைச் செய்ய முடியவில்லை" என்று கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரை விண்ணப்பிப்பவர்களுக்கு, அலைந்ததில் நான் அறிந்துகொண்ட சில விடயங்கள். வைத்தியரிடம் நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை மீற்றரில் நிற்க வேண்டியிருக்கிறது, கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை விடுதியில் அனுமதிக்கப்பட்டீர்கள், குளிப்பதற்கும் சமைப்பதற்கும் யார் உதவி தேவை, ஸ்பைரோமெட்ரி அளவு என்ன என்று எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். கிளினிக் நெரிசலில் வைத்தியருக்கு நேரமில்லை என்பது உண்மை. ஆகவே ஒரு தாளில் முன்கூட்டியே குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரும் டயக்னோசிஸ் காட்டை எறிய வேண்டாம். கிளினிக் கொப்பி நிறைந்தாலும் பழைய கொப்பியை வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி எடுங்கள். மேல் மாடிக்கு ஏற முடியாவிட்டால் கீழேயே இருந்துகொண்டு, உத்தியோகத்தரை இறங்கி வரும்படி சொல்லி அனுப்புங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் ஏறி வந்ததைப் பார்க்காதவர், உங்களுக்கு ஏற முடியும் என்றுதான் எழுதுவார்.

மறுப்பு வாய்வழியாக வந்தால் அதை மறுப்பாக ஏற்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். 2023 இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன. அந்தளவு குரல் எழுந்ததால்தான் பட்டியல் மறுபரிசீலனை செய்யப்பட்டது. எழுத்தில் காரணம் தர மறுத்தால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கோரலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

நான் அப்படிக் கேட்டு எழுதியிருக்கிறேன். என் கேள்வி ஒன்றே ஒன்று: சுவாச நோயாளர் இந்தக் கொடுப்பனவுக்குத் தகுதியற்றவர்கள் என்று சொல்லும் சுற்றறிக்கையின் இலக்கமும் திகதியும் என்ன? பதிவுத்தபால் பற்றுச்சீட்டு கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை.