ஒரே நாளில் இரண்டு கப்பல்



ஒரு நிறுவனத்தின் கப்பலில் இருந்து இறங்கிய அன்றே இன்னொரு நிறுவனத்தின் கப்பலில் ஏறிவிடலாம் என்று தங்கள் சுற்றுலாக் கட்டுரையில் படித்தேன். பணி ஓய்வுக்குப் பின் நானும் என் மனைவியும் சிங்கப்பூரில் அப்படித்தான் செய்தோம். ஏறிவிட்டோம். ஆனால் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

அங்கே பயணிகள் கப்பலுக்கு முனையங்கள் இரண்டு: ஹார்பர்ஃபிரண்ட் ஒன்று, 2012இல் திறந்த மரினா பே மற்றொன்று. நாங்கள் இறங்கியது ஒன்றில், ஏற வேண்டியது மற்றொன்றில். குடியேற்றச் சோதனை வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, டாக்சி, மறுபடி முதலிலிருந்து பாஸ்போர்ட், பெட்டிச் சோதனை. முழங்கால் வலியோடு என் மனைவி நின்ற நேரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கப்பல் புறப்படுவதற்கு வெகு முன்பே ஏறும் வாசலை மூடிவிடுவார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் முதல் கப்பல் தாமதமானாலும் இரண்டாவது காத்திருக்காது. பதிவு செய்து தந்த முகவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

இதற்கு நேர்மாறாக, 1914 முதல் நம்மவர்கள் ஒரே டிக்கெட்டில் ரயிலில் தனுஷ்கோடி, கப்பலில் தலைமன்னார், மீண்டும் ரயிலில் கொழும்பு என்று போனார்கள். ரயிலின் நேரத்துக்கு ஏற்பவே கப்பலின் நேரமும் இருந்தது. தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர் புயலோடு போயிற்று.

அடுத்த கட்டுரையில் முனையம், விசா, காப்பீடு பற்றியும் எழுதுங்கள். இடையில் ஓர் இரவு தங்கும் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், சிவகிரி, தென்காசி மாவட்டம்