ரெம்போவின் எலும்புகள்

பிரான்சின் மகா புருஷர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பாந்தியோன் நிலவறையில், கவி ஆர்தர் ரெம்போவையும் அவன் தோழனும் காதலனுமான கவி வெர்லேனையும் ஒருசேர அடக்கம் செய்ய வேண்டுமென்று 2020-இல் அந்நாட்டுப் பிரமுகர் பலர் கையொப்பமிட்டு மனுச் செய்ததும், அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி மக்ரோன், ரெம்போ குடும்பத்தாரின் விருப்பத்தை முன்னிட்டு அதை மறுத்ததும் வாசகர் பலர் அறிந்திருக்கலாம். மறுத்தது சரி என்பதே என் அபிப்பிராயம். ஆனால், கலகக்காரனுக்கு அரசாங்க மரியாதை ஒவ்வாது என்று பலரும் சொல்லும் காரணத்துக்காக அன்று. அவன்மேல் ஏற்கெனவே குவிந்திருக்கும் புராணமே போதும் என்பதற்காகத்தான்.

1854-இல் ஷார்ல்வீல் என்னும் ஊரில் பிறந்து, படை அதிகாரியான தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட, தாயின் கடுமையான கண்டிப்பில் வளர்ந்து, பள்ளியில் லத்தீன் செய்யுளுக்குப் பரிசுகள் பெற்ற அந்தப் பிள்ளை, இருபது பிராயத்தைத் தாண்டியதும் தாண்டாததுமாகக் கவிதையையே கைவிட்டுவிட்டான். அந்த மௌனத்தைச் சுற்றி எழுந்த கதைகளுக்கு அளவில்லை. 1873 ஜூலையில் புரூசெல்ஸ் நகரில் வெர்லேன் சுட்ட குண்டு அவன் மணிக்கட்டில் பாய்ந்த சில மாதங்களில், 'நரகத்தில் ஒரு பருவம்' என்ற நூலை அச்சிட்டு, பிரதிகளையெல்லாம் தன் கையாலேயே தீக்கிரையாக்கினான் என்பது அவற்றுள் பிரசித்தமானது. தங்கை இஸபெல்லும் அதையே சொன்னாள். 1901-இல் பெல்ஜியப் புத்தகப் பிரியர் ஒருவர் அந்த அச்சகத்தின் கிடங்கில் 400-க்கு மேற்பட்ட பிரதிகளைக் கண்டெடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது: 500 பிரதிகளுக்கான அச்சுக்கூலியில் முன்பணத்துக்கு மேல் அவன் கொடுக்கவில்லை, அச்சகத்தாரும் புத்தகத்தை விடவில்லை. மகத்தான அக்கினி யக்ஞம் என்று கொண்டாடப்பட்டது வெறும் கடன் பாக்கி! எழுதுகிறவர்களுக்கு இது புதிய அனுபவமும் அன்று.

பின்னர் ஏடனிலும் ஹராரிலும் காப்பியும் தோலும் வியாபாரம் செய்து, எத்தியோப்பியாவில் மெனெலிக் மன்னனுக்குத் துப்பாக்கிகள் கொண்டுபோய் விற்ற காலத்தில் அவன் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில், வெயிலும் சம்பாத்தியமும் கைத்தொழில் நூல்களை அனுப்பச் சொல்லும் வேண்டுகோளும் உண்டே தவிர, கவிதையைப் பற்றிய பிரஸ்தாபமில்லை. இதைத் துறவென்று போற்றுவதும் வீழ்ச்சியென்று புலம்புவதும் ஒருங்கே வீண் என்று எனக்குத் தோன்றுகிறது. சுட்டதற்காகச் சிறைவாசம் அனுபவித்தவனையும் சுடப்பட்டவனையும் பாந்தியோனில் என்றென்றைக்குமாக அருகருகே கிடத்த நினைத்ததோ, காதற்காவியம் படித்தவர்களின் ஆசை.

முழங்காலில் கண்ட கட்டிக்காக மார்செய் ஆஸ்பத்திரியில் வலக்காலை இழந்து, 1891 நவம்பர் 10-ஆம் தேதி, 37-ஆம் வயதில் அவன் இறந்தபின், உடல் ஷார்ல்வீலுக்கே கொண்டுபோகப்பட்டது. சிறுவனாக எந்த ஊரிலிருந்து திரும்பத் திரும்ப ஓடிப்போனானோ அந்த ஊர், குடும்பக் கல்லறை. 1907-இல் தாயும் அங்கேயே வந்து சேர்ந்தாள்.