முட்டி மக்கர் பண்ணுதா பாஸ்?

போட் கிளப் ரோட்டுல ஓட்டம், ஜிம்முல ஸ்குவாட். அப்புறம் கிரீன்வேஸ் சாலை ஸ்டேஷன் படி இறங்கும்போது முட்டி 'சுருக்'குங்குதா? முட்டிச் சிப்பிக்கு லோடு ஓவரா இருக்கலாம்.

அதுக்காகக் கால் பயிற்சிக்கு டாட்டா காட்டிடாதீங்க. தொடைத் தசை இளைச்சா, மூட்டுக்குத்தான் கஷ்டம். வெயிட்டைப் பாதியாக்குங்க. பின்னால பெஞ்ச் போட்டு, வலிக்காத ஆழம் வரைக்கும் மட்டும் உட்கார்ந்து எழுங்க. லஞ்சஸ் போட்டா, காலை முன்னால வைக்காம பின்னால வைங்க. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குங்க. 10 தடவை, 3 செட்.

மறுநாள் வலி கூடுச்சா? இன்னும் குறைங்க. கூடலையா? வாராவாரம் கொஞ்சமா ஏத்துங்க.

வீக்கம் இருந்தாலோ, மூட்டு லாக் ஆனாலோ, ஜிம் மாஸ்டரைக் கேட்காதீங்க. நேரா எலும்பு டாக்டர்தான்!