பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

"ரியோ போங்க, இக்வாசு அருவி போங்க. கோயானியாவுல என்ன இருக்குன்னு போறீங்க?" பிரேசில் போய்வந்த நண்பர் சலித்துக்கொண்டார். நானும் மனைவியும் பிரேசிலியாவிலிருந்து 200 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், 3 நாள் அங்கே இருந்துவிட்டு வந்தோம். இப்போது அவருக்குப் பதில் சொல்லலாம்.

14 லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரைப் 'பார்க்க ஒன்றுமில்லை' என்பது ஊரைப் பற்றிய தகவலே அல்ல. நமக்கு வேடிக்கை காட்ட மறுத்த ஊர்மேல் நாம் போடும் குற்றச்சாட்டு.

இருப்பவற்றைத்தான் நாம் எண்ணுவதில்லையே! திட்டமிட்ட நகரமென்று பிரேசிலியாவைக் கொண்டாடுகிறோம். அது திறக்கப்பட்டது 1960-இல். கோயாஸ் மாநிலத்தின் புதிய தலைநகராக அத்திலியோ கொர்ரேயா லிமா வரைந்த கோயானியாவுக்கு அடிக்கல் நட்டது 1933-இல். மையத்தில் ஆர்ட் டெக்கோ கட்டடங்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் முன்னால் ஜனங்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், செல்ஃபிக்கு அல்ல. சந்தையில் பமோன்யா வாங்கினோம். பச்சைச் சோளத்தை அரைத்து அதன் தோகையிலேயே கட்டி வேகவைப்பது. "நம்ம கொழுக்கட்டைக்குச் சித்தி மக" என்றாள் மனைவி.

'ஒன்றுமில்லை' கோஷ்டியைத் திட்டும் தகுதி எனக்கு முழுதாக இல்லை. நான் அந்த ஊரைத் தேடிப் போனதே 1987-க்காகத்தான். கைவிடப்பட்ட கதிர்வீச்சு சிகிச்சை மையத்திலிருந்து ஒரு கருவியைக் கழற்றி, பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உள்ளே சீசியம்-137. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தப் பொடியை அதிசயமென்று வீடுகளுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். 4 பேர் இறந்தார்கள். 249 பேர் மாசுபட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள்.

57-ஆம் எண் தெருவில், கான்கிரீட் போட்டு மூடிய வெற்று மனை. நான் செல்போனை எடுத்தேன். எதிர்வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

"எழவு வீட்டு வாசல்ல நின்னு போட்டோ எடுப்பீங்களா? உள்ள வைங்க" என்றாள் மனைவி. வைத்தேன்.

இறந்தவர்களில் ஒருத்தி 6 வயதுக் குழந்தை. அவளைப் புதைத்தால் மண் கெட்டுவிடுமென்று கல்லறையில் கல்லெறிந்தார்கள். வெளியூர்களிலோ கோயாஸ் விளைச்சலை வாங்கவே தயங்கினார்கள். அந்த ஊரைச் சீசியமாக மட்டும் பார்த்தவர்கள் அவர்கள். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து டிக்கெட் எடுத்துப் போய் நானும் அதையேதான் செய்தேன். 'ஒன்றுமில்லை' என்பவரும் 'விபத்து மட்டும்தான்' என்பவரும் ஒரே ஆள். இருவருக்குமே ஊர் என்பது காட்சிப்பொருள்.

அன்றிரவு பெக்கிப் பழம் போட்ட சோறு. கொட்டைக்குள் நுண்ணிய முட்கள். கடித்தால் நாக்கில் ஏறிவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் கைஜாடையில் தடுத்து, பல்லால் மெல்லச் சுரண்டக் கற்றுத்தந்தார். விருந்தாளியாகப் போனால் சொல்லித்தர ஆள் இருக்கிறது, நண்பரே. பார்வையாளனாகப் போனால் குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.