கத்தத் தெரிந்த எழுத்து

ஒரு பூனைப் படம். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. தடித்த வெள்ளை எழுத்து, அதைச் சுற்றிக் கறுப்புக் கோடு. இணையத்தில் கொஞ்ச காலம் உலவிய யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அந்த எழுத்துருவின் பெயர் இம்பாக்ட்.

வடிவமைப்பு தெரிந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். மீம் போடுகிறவர்கள் அதை மலிவாக்கிவிட்டார்கள் என்பது அவர்களின் குறை. உண்மை இதற்கு நேர் எதிரானது. இம்பாக்டை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களே மீம் போட்டவர்கள்தான்!

இது கணினிக்காகப் பிறந்த எழுத்து அல்ல. இங்கிலாந்தில் விளம்பரத் துறையில் இருந்த ஜெஃப்ரி லீ 1965ல் இதை வடிவமைத்தார். ஷெஃபீல்ட் நகரத்தின் ஸ்டீபன்சன் பிளேக் நிறுவனம் இதை உலோக எழுத்தாக வார்த்து வெளியிட்டது. தடித்த, ஒடுங்கிய எழுத்துகளுக்கு அப்போது விளம்பரங்களில் நல்ல கிராக்கி. லெட்ராசெட் நிறுவனம் 1963லேயே காம்பாக்டா என்ற இதே வகை எழுத்தை வெளியிட்டிருந்தது.

லீயின் நோக்கம் எளிமையானது. கொடுத்த இடத்துக்குள் எவ்வளவு மை இறக்க முடியுமோ அவ்வளவு இறக்க வேண்டும். அதற்காக ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளை நன்றாக உயர்த்தினார். மேலே நீளும் கொம்புகளையும் கீழே இறங்கும் வால்களையும் குட்டையாக்கினார். கோடுகளைப் பருமனாக்கி, எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடத்தை ஒரு கீற்றாகச் சுருக்கினார். கோடுகளின் முனையில் அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. அகலம் குறைவு என்பதால், பெரிய அளவில் போட்டாலும் ஒரு வரியில் நாலைந்து சொற்கள் அடங்கிவிடும்.

ஆக, இது தலைப்புக்கான எழுத்து. பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவரைச் சட்டென்று நிறுத்த வேண்டும். அதற்குமேல் அதற்கு வேலை இல்லை.

1996ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இணையத்துக்கான அடிப்படை எழுத்துருக்கள் என்று ஒரு தொகுப்பை இலவசமாகக் கொடுத்தது. ஏரியல், வெர்டானா, ஜார்ஜியா, காமிக் சான்ஸ் ஆகியவற்றோடு இம்பாக்டும் அதில் இருந்தது. 2002ல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டாலும், அதற்குள் இம்பாக்ட் கோடிக்கணக்கான கணினிகளில் குடியேறிவிட்டது. 2007 வாக்கில் பூனைப் பட மீம்கள் பரவியபோது அதுதான் அவற்றின் குரலாக இருந்தது.

"எல்லாக் கணினியிலும் இருந்தது, அதனால் எடுத்தார்கள். இதில் ரசனை எங்கே வந்தது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஏரியலும் காமிக் சான்ஸும்கூடத்தான் எல்லாக் கணினியிலும் இருந்தன. ஏன் அவை அந்த இடத்தைப் பிடிக்கவில்லை? காரணம் எழுத்தின் உடம்பில் இருக்கிறது. படம் இருட்டாக இருக்கலாம், வெளிச்சமாக இருக்கலாம், பூனையின் ரோமம் போல ஒரே குழப்பமாகவும் இருக்கலாம். எதன் மேல் வைத்தாலும் படிக்க வேண்டும். மெல்லிய எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டால் கோடு எழுத்தையே விழுங்கிவிடும். இம்பாக்டின் பருமன் அதைத் தாங்கும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. 2013ல் புகழ்பெற்ற டோஜ் நாய்ப் படங்களில் இம்பாக்ட் இல்லை; காமிக் சான்ஸ்தான் இருந்தது. அங்கே யாரும் கத்தவில்லை. ஒரு நாயின் மனதில் ஓடும் அரைகுறைச் சொற்கள் படமெங்கும் சிதறிக் கிடந்தன. கத்துவதற்கு ஒன்று, முணுமுணுப்பதற்கு ஒன்று. எந்த வடிவமைப்புப் பள்ளிக்கும் போகாத ஜனங்கள் இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்தார்கள்.

அப்படியானால் இம்பாக்டைக் கெடுத்தது யார்? அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள். தேர்வுக் கட்டணம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. முக்கியமான விஷயமாயிற்றே என்று முழுப் பத்தியையும் இம்பாக்டில், அதுவும் பெரிய எழுத்துகளிலேயே அடித்து ஒட்டியிருப்பார்கள். நகல் எடுத்ததில் எழுத்துக்குள் இருந்த கொஞ்சம் வெற்றிடமும் மையால் அடைபட்டிருக்கும். தூரத்தில் இருந்து பார்த்தால் ஒரு கறுப்புச் சுவர். கிட்டப் போனாலும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாது. கடைசித் தேதி நடுவில் எங்கோ புதைந்து கிடக்கும். அதைத் தவறவிட்டு அபராதம் கட்டுகிறவன் எழுத்துருவைத் திட்டி என்ன பயன்?

எல்லாமே முக்கியம் என்று காட்டினால் எதுவுமே முக்கியமாகத் தெரியாது. அந்த அறிவிப்பில் கடைசித் தேதியை மட்டும் இம்பாக்டில் போட்டு, மற்றதைச் சாதாரண எழுத்தில் விட்டிருந்தால் போதும். நடந்துகொண்டே போகிறவன்கூடப் படித்திருப்பான்.

வீட்டில் ஒருவர் எப்போதாவது ஒரு முறை சத்தம் போட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நாள் முழுக்கச் சத்தம் போடுகிறவரை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எழுத்துக்கும் அதே நியாயம்தான். லீ ஒரு நல்ல குரலைச் செய்து கொடுத்தார். எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது எழுதுகிறவர்களின் பொறுப்பு.