சேமிக்கும்போது உறைந்து நின்றால்…

மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு, கடையின் பற்று வரவு, மாணவரின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைப் பேரேட்டில் எழுதி வந்த நம் குடும்பங்களிலும் இன்று பலர் எக்செல் விரிதாளை நாடுகின்றனர். கணக்கைப் பென் டிரைவில் இட்டு, வீட்டிற்கும் அலுவலகத்திற்கும் எடுத்துச் செல்வதும் வழக்கமாகிவிட்டது. ஆனால், சேமிக்கும்படி கட்டளையிட்டதும் திரை உறைந்து நின்றால் பலர் பதற்றமுற்றுப் பென் டிரைவைப் பிடுங்கிவிடுகின்றனர். ஓராண்டுக் கணக்கு ஒரு நொடியில் பாழாகிறது. இவ்விடர் எதனால் நேர்கிறது என அறிந்துகொண்டால் பதற்றமும் குறையும், இழப்பும் நேராது.

எக்செல் பழைய கோப்பின்மேல் நேராக எழுதுவதில்லை. அக்கோப்பு உள்ள இடத்திலேயே தற்காலிகக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, அனைத்தையும் அதில் எழுதுகிறது. பின்னர்ப் பழையதை நீக்கிவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. ஆகவே 20 மெகாபைட் கோப்பொன்றைச் சேமிக்கும்போது, சிறிது நேரத்திற்கேனும் ஏறத்தாழ 40 மெகாபைட் இடம் தேவைப்படுகிறது. பென் டிரைவ் நிரம்பியிருந்தால் வேலை தடைப்படும்.

மேலும், பென் டிரைவிலுள்ள ஃபிளாஷ் நினைவகம் சிறு சிறு துண்டுகளாக எழுதுவதில் மந்தமானது. முன்பு எழுதிய இடத்தில் மீண்டும் எழுத வேண்டுமாயின், ஒரு பகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். இவ்வாறு அழிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நாளடைவில் அது தேய்ந்துபோகும். இடையே வைரஸ் தடுப்பு மென்பொருளும் சோதனையிட்டால் தாமதம் மிகும். டிரைவின் பதிலுக்காக எக்செல் காத்திருக்கும் நேரமே நமக்கு உறைவாகத் தோன்றுகிறது.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, பொறுமை. டிரைவின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் எழுதும் பணி நடைபெறுகிறது என்பது பொருள். சில நிமிடங்கள் காத்திருப்போம்.

இரண்டாவது, திரை மீண்டதும் எஃப் 12 விசையை அழுத்தி, கோப்பை வேறு பெயரில் கணிப்பொறியின் சொந்த வட்டில் சேமிப்போம். அங்கு விரைவில் சேமிக்கப்பட்டால் குறை டிரைவிலோ அதைச் செருகிய இடத்திலோ உள்ளது. அங்கும் உறைந்தால் டிரைவைப் பழிப்பதில் பயனில்லை. கோப்போ, எக்செலுடன் இணைந்த துணை நிரல்களோ காரணமாகலாம். கண்ட்ரோல் விசையை அழுத்தியவாறே எக்செலைத் திறந்தால், அத்துணை நிரல்களின்றி அது இயங்கும்.

மூன்றாவது, குறை டிரைவின் பக்கம் எனில், அதிலுள்ள அனைத்தையும் முதலில் கணிப்பொறியில் நகலெடுப்போம். அதன் பின்னரே விண்டோஸின் பிழைச் சோதனையை இயக்குவோம். வேறு துளையில் செருகிப் பார்ப்போம். மீண்டும் மீண்டும் உறையுமாயின் அந்த டிரைவை ஒதுக்கிவிடுவதே நன்று.

திரை மீளவே இல்லையெனில், எக்செலை மூடி மறுபடி திறக்கலாம். இயல்பாக 10 நிமிடத்திற்கு ஒருமுறை அது தானே வைத்துக்கொள்ளும் மீட்புப் பிரதி கிடைக்கக்கூடும்.

2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், டிரைவை விரைவாக நீக்குவதற்கான ஏற்பாடு இயல்பாகவே உள்ளதே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான், எனினும் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் எந்த ஏற்பாடும் காக்காது. இன்றைய எக்செல் கோப்பு பல தாள்களை ஒன்றாய்ச் சுருக்கிக் கட்டிய பொதி போன்றது. அப்பொதியின் உள்ளடக்கப் பட்டியல் இறுதியில்தான் எழுதப்படுகிறது. பாதியில் அறுந்தால் முழுப் பொதியும் திறவாது போகலாம்.

ஆதலால் நாம் மேற்கொள்ளத்தக்க நல்வழக்கம் இதுவே: கணக்கைக் கணிப்பொறியின் வட்டிலேயே எழுதிச் சேமிப்போம், எக்செலை மூடுவோம், அதன் பிறகே பென் டிரைவிற்கு நகலெடுத்து, முறைப்படி நீக்குவோம். மாதம் ஒருமுறை தாளில் அச்சிட்டும் வைப்போம். பத்து வீட்டார் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தின் கணக்கு, விரல் நீளப் பொருள் ஒன்றில் மட்டும் அடங்கியிருத்தல் ஆகாது. நம்மை நம்பிக் கணக்கை ஒப்படைத்தோருக்கு நாம் செய்யும் கடமை அது.