தாயின் தட்டில் எத்தனை துண்டு?



குடும்பத்தை 'இல்லத் திருச்சபை' என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் அழைத்தது. திருச்சபை என்றால் அங்கே ஒரு பந்தி இருத்தல் வேண்டும். கோவிலில் அது நற்கருணைப் பந்தி. இல்லத்தில் அது நாம் அன்றாடம் பாய் விரித்து அமரும் சோற்றுப் பந்தி. முன்னதில் செல்வர், வறியர், ஆண், பெண் என்ற வேறுபாடின்றி யாவரும் ஒரே அப்பத்தைப் பெறுகின்றோம். பின்னதில் அவ்வாறு நிகழ்கின்றதா என்பதே இம்மாதம் நாம் எழுப்ப விரும்பும் வினா. அவ்வினாவை ஒரு கோழிக்கறிச் சமையலின் வழியாக எழுப்புவோம். வாசகர்கள் வியக்க வேண்டாம்.

விக்கிரமங்கலத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஞாயிற்றுக்கிழமை என்றால், திருப்பலி முடிந்ததும் பலருடைய கால்கள் கறிக்கடையை நோக்கி நடப்பதைக் காண்கிறோம். ஓய்வுநாளுக்குரிய மகிழ்ச்சி அது. குறை கூற ஏதுமில்லை. ஆனால் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துத் திரும்பும் நம் இளைஞர்களுக்கு வீட்டுக் குழம்பு சலித்துவிட்டது. செம்பழுப்பு நிறத்தில் பளபளவென்று மின்னி, முதலில் இனித்து, பின்னர் புளித்து, முடிவில் உறைக்கும் ஓட்டல் கோழியே அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அரியலூருக்கோ செயங்கொண்டத்திற்கோ ஆள் அனுப்பிப் பொட்டலம் வாங்கி வருகிறார்கள். இரண்டு பொட்டலம் ஆறு பேருக்குப் போதாது. யாருக்கு இல்லாமல் போகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

"கறியில் போய் வெல்லமா?" என்று முகம் சுளிக்கும் ஆயாமார்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வற்றல் குழம்பு இறக்கும்போது துளி வெல்லம் சேர்ப்பதும், மாங்காய்ப் பச்சடியில் இனிப்பும் புளிப்பும் உறைப்பும் கூட்டுவதும் அவர்களே நமக்குக் கற்பித்தவை. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் பிறந்த இத்தாலி நாட்டில், காடியையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி இறைச்சிக்குச் சாறு கூட்டும் பழக்கம் தொன்மையானது. கோவாவில் உள்ள நம் கத்தோலிக்க மக்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து காடியும் பூண்டும் சேர்ந்த சமையலைப் பெற்று, அதில் மிளகாயைச் சேர்த்து 'விந்தாலு' என்று தமதாக்கிக்கொண்டனர். சப்பானியர் தம் முறையைத் 'தெரியாக்கி' என்பர். 'தெரி' என்றால் பளபளப்பு. 'யாக்கி' என்றால் வாட்டியது. ஆகவே இது எவருக்கும் தனிச் சொத்தன்று. பாகு காய்ச்சத் தெரிந்த எந்தத் தமிழ்ப் பெண்ணும் இதனைச் செய்ய வல்லவள்.

இதற்கு வேண்டிய பொருள்களும் நம்மைச் சுற்றியே விளைகின்றன. கொள்ளிடக் கரைக் கரும்பின் வெல்லம், நல்லெண்ணெய், புளி, செந்துறை, ஆண்டிமடம் பக்கத்து முந்திரி ஆகியவை இருக்க, வேறென்ன வேண்டும்?

தாய், தந்தை, பாட்டி, மூன்று பிள்ளைகள் என ஆறு பேர் உள்ள குடும்பத்திற்கு ஒரு கிலோ கோழி போதும். கடைக்காரரிடம் பொடியாக நறுக்காமல் எலும்போடு பன்னிரண்டு துண்டுகளாக வெட்டித் தரும்படி கேட்க வேண்டும். இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வேலை உண்டு. இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, மிளகுத் தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, ஓர் எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றைத் துண்டுகளில் தடவி அரைமணி நேரம் ஊறவிடுக. அதற்கு மேல் ஊற வேண்டுமாயின் குளிர்பதனப் பெட்டியில் வைத்தல் நலம்.

பாகிற்கு வெல்லம் 75 கிராம், சிறு எலுமிச்சை அளவு புளி, பொடியாக நறுக்கிய பூண்டு ஆறு பல், மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டி எடுத்துக்கொள்க. புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து, அதிலேயே வெல்லத்தையும் கரைத்து, மண் போக வடிகட்டி வைக்க. பிள்ளைகள் விரும்பினால் சோயா சாறு இரண்டு மேசைக்கரண்டி சேர்க்கலாம். அப்போது முன் கூறிய உப்பில் அரைத் தேக்கரண்டியைக் குறைத்துவிட வேண்டும்.

அடி கனத்த வாணலியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை நெருக்கமின்றி அடுக்கி, இருபுறமும் பொன்னிறமாகச் சிவக்கவிடுக. பின்பு தணலைக் குறைத்து, மூடி போட்டு, இருபது நிமிடம் வேகவிடுக. தண்ணீர் ஊற்ற வேண்டாம். கறி விடும் நீரே போதும். தடித்த துண்டு ஒன்றை எலும்பு வரை கீறிப் பார்த்தால் சிவப்பு நீர் வரலாகாது. நாட்டுக்கோழியாயின் இந்நேரம் போதாது. முதலில் சிறிது நீர் விட்டுக் குக்கரில் மெத்தென வேகவைத்து, அதன் பிறகே எண்ணெயில் சிவக்க வைக்க வேண்டும்.

துண்டுகள் வெந்ததும் அவற்றை எடுத்து வைத்துவிட்டு, வாணலியில் நிற்கும் சாற்றில் பூண்டை வதக்கி, மிளகாய்த் தூளும் புளி வெல்லக் கரைசலும் சோயா சாறும் சேர்த்துக் கொதிக்கவிடுக. முதலில் பெரிய குமிழிகள் எழும். நீர் சுண்டச் சுண்ட அவை சிறுத்து நெருங்கும். கரண்டியால் வாணலியின் நடுவே ஒரு கோடு கிழித்தால் அக்கோடு கணநேரம் மூடாமல் நிற்கும். அதுவே பதம். உடனே துண்டுகளை உள்ளே இட்டு, மூன்று நிமிடம் விடாது புரட்டினால், ஒவ்வொரு துண்டின் மேலும் பாகு ஆடைபோல் படிந்து மின்னும். வறுத்த எள்ளையோ உடைத்த முந்திரியையோ தூவி இறக்குக. சுடுசோற்றுக்கு மிளகு ரசம் துணையாக இருக்கட்டும்.

வெல்லத்தைத் தொடக்கத்திலேயே ஏன் இடுவதில்லை? கறி வேக நேரம் பிடிக்கும். இனிப்போ அதற்குள் அடிப்பிடித்துக் கருகிக் கசந்துவிடும். ஆகவே இனிமை கடைசியில் வருகிறது. அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் அடுப்பை விட்டு அகலவும் கூடாது.

நிற்க. இப்போது அந்தப் பன்னிரண்டு துண்டுகளுக்கு வருவோம்.

குழம்பிற்கு ஒரு மறைவு உண்டு. பெரிய சட்டியில் குழம்பு நிறைந்திருக்கையில், கறித்துண்டு யாருக்கு எத்தனை சென்றது, யாருக்கு வெறுங்குழம்பு மட்டும் மிஞ்சியது என்று எவரும் கணக்கெடுப்பதில்லை. இந்தப் பாகுக் கோழியில் அம்மறைவு இல்லை. குழம்பு கிடையாது, துண்டுகள் வெளிப்படையாக இருக்கின்றன. பன்னிரண்டை ஆறால் வகுத்தால் ஆளுக்கு இரண்டு. தாயின் தட்டில் ஒன்றுகூட இல்லையென்றால், அவளுடைய இரண்டையும் யாரோ உண்டுவிட்டனர் என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

பங்குப் பணியில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால் நாம் காணும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. "சாமிக்கு இன்னொரு துண்டு வையி" என்று தொடைக்கறி விருந்தினருக்கு வருகிறது. அடுத்தது வீட்டுத் தலைவருக்கு. ஈரல் மகனுக்கு. மகளுக்கு இறக்கையும் கழுத்தும். தாயோ எல்லாரும் கை கழுவிய பின்னர், சட்டியில் ஒரு கைச் சோற்றைப் போட்டுத் துடைத்து உண்கிறாள். "நீ சாப்பிடலையாம்மா?" என்று மகள் கேட்டால், "எனக்கு அவ்வளவாப் பசியில்ல கண்ணு" என்பதே மறுமொழி. ஒருநாள் அவ்வாறு கூறினால் அது அன்பு. முப்பது ஆண்டுகள் ஒவ்வொரு ஞாயிறும் அவ்வாறே கூற நேர்ந்தால் அது அந்த வீட்டின் சட்டமாகிவிட்டது என்று பொருள்.

இதன் விளைவை எண்களில் காண விரும்புவோர், 2019-21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்ப நல ஆய்வை நோக்குக. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கே. மாதவிலக்கும் மகப்பேறும் இதற்குக் காரணங்கள் என்பது மெய்யே. ஆனால் இரத்தம் மிகுதியாக இழப்பவளுக்கன்றோ இரும்புச் சத்தும் மிகுதியாக வேண்டும்? கோழியின் ஈரலில் அச்சத்து மிகுதி; நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் கூடுதல். கீரையில் உள்ளதைவிடக் கறியில் உள்ளதை உடல் எளிதாக ஏற்கும். தேவை குறைந்தவருக்கு ஈரலும், மிக்கவருக்குக் கழுத்தெலும்பும் என்று பகிர்வது எவ்வகை நியாயம்?

"தாய் தியாகம் செய்கிறாள், அதைத் தடுக்கலாமா, சுவாமி?" என்று சிலர் கேட்கக்கூடும். தானாக மனமுவந்து அளிப்பதே தியாகம். கேளாமலே அவள் பங்கை எடுத்துக்கொண்டு அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுவது நமக்கு வசதியான பேச்சு. அதுவுமன்றி, தாயைப் பார்த்தே மகள் தன் பங்கை விடக் கற்கிறாள். தந்தையைப் பார்த்தே மகன் பிறர் பங்கை எடுக்கக் கற்கிறான். அவன் நாளை ஒரு பெண்ணுக்குக் கணவனாவான்.

விவிலியம் இதில் தெளிவாக இருக்கிறது. பாஸ்கா ஆட்டுக்குட்டியைப் பற்றி ஆண்டவர் மோசே வழியாகக் கட்டளையிட்டபோது, வீட்டிலுள்ளோரின் தொகைக்கும் ஒவ்வொருவரும் உண்ணும் அளவிற்கும் ஏற்பக் கணக்கிடச் சொன்னார். சிறு குடும்பமாயின் அண்டை வீட்டாரோடு சேர்ந்து உண்ணச் சொன்னார். யாயீரின் பன்னிரண்டு வயது மகளை உயிர்ப்பித்த இயேசு, அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி பெற்றோரைப் பணித்தார். உயிர்த்த பின்னர்த் திபேரியாக் கடலோரத்தில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, இரவெல்லாம் உழைத்துக் களைத்த சீடரை உண்ண அழைத்தார். மரணத்தை வென்ற ஆண்டவருக்கு அடுப்பு மூட்டுவது இழிவாகத் தோன்றவில்லை. நம் ஊர் ஆடவருக்கு மட்டும் அது ஏன் இழிவாகத் தோன்ற வேண்டும்?

ஆகவே ஒரு சிறு ஏற்பாட்டை முன்வைக்கிறோம். தடவி ஊறவைப்பதும் வேகவைப்பதும் வழக்கம்போல் தாயின் கையால் நடக்கட்டும். பாகு காய்ச்சிப் புரட்டும் கடைசிப் பகுதியைத் தந்தையோ வளர்ந்த மகனோ ஏற்கட்டும். அந்நேரத்தில் தாய் கைகால் கழுவிப் பந்தியில் முதலாவதாக அமரட்டும். இச்சமையல் ஆறினால் பாகு இறுகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். எனவே பின்னால் உண்கிறேன் என்று எவரும் ஒதுங்க இடமில்லை. செபம் சொல்லி, தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து, அனைவரும் ஒருசேர உண்ண வேண்டும். உணவு மேசையில் பேச்சின்றித் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நோக்கியிருக்கும் குடும்பம் குடும்பமாக இருப்பதே அரிது என்ற கருத்தை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 நவம்பரில் தம் பொது மறையுரையில் வலியுறுத்தினார்.

விருந்தினர் வந்தால் துண்டுகளைச் சிறிதாக வெட்டிப் பதினான்காக்குக. வருபவர் குருவாயின், வீட்டுத் தலைவியும் உடன் அமர்ந்தாலன்றிக் கை நனைப்பதில்லை என்று அவரே சொல்லட்டும். உரிமையோடு அதைச் சொல்லத் தகுந்தவர் அவரே.

வரும் ஞாயிறன்று உங்கள் இல்லத்தில் எண்ணிப் பாருங்கள். தாயின் தட்டில் இரண்டு துண்டு இருக்கட்டும். இயன்றால் ஈரலும் அவளுக்கே இருக்கட்டும். கானாவூர்த் திருமணத்தில் குறையைக் கண்டறிந்து மகனிடம் எடுத்துரைத்த அன்னை மரியா, உங்கள் பந்தியிலும் குறை நேராது காப்பாராக.